கலிபோர்னியாவில் வீட்டிலேயே டேகேர்: லைசென்ஸ் முதல் சிடிஏ வரை எதை எப்போது படிப்பது

"வீட்டிலேயே நாலு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், என்ன கோர்ஸ் படிக்கணும்?" ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பக்கத்தில் இருப்பவர் உடனே ஏதோ ஒரு ஆன்லைன் கோர்ஸின் பெயரைச் சொல்வார். கேட்டவரும் அன்றைக்கு ராத்திரியே பணம் கட்டிவிடுவார். கோர்ஸில் தப்பிருக்காது, வரிசையில்தான் தப்பு. லைசென்ஸுக்கு உதவாத படிப்பை முதலில் முடித்துவிட்டு, லைசென்ஸ் கேட்கும் பயிற்சியை இரண்டாவது தடவை காசு கொடுத்துப் படிப்பவர்கள் நிறைய.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகப் பேசப்படுவது. லைசென்ஸ் என்பது மாநில அரசு உங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் அனுமதி. ஒரு குடும்பத்துக்கு மேல் குழந்தைகளைப் பார்ப்பதென்றால் இது இல்லாமல் தொழில் நடத்த முடியாது. சிடிஏ என்பது உங்களுக்கு, அதாவது ஆளுக்குக் கிடைக்கும் தகுதிச் சான்று. வீட்டு டேகேர் நடத்த இதைச் சட்டம் கேட்பதில்லை. மூன்றாவது அங்கீகாரம். அது உங்கள் டேகேர் நடக்கும் விதத்துக்கு ஒரு தேசிய அமைப்பு கொடுக்கும் முத்திரை. லைசென்ஸ், சிடிஏ, அங்கீகாரம் என்பதுதான் சரியான வரிசை. இந்த வரிசையை மீற ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு, அது விசா.

முதலில் வேலை அனுமதி

வீட்டுக்குள்ளேதானே செய்கிறோம், தெரிந்தவர்கள்தானே, காசும் கையில்தானே வருகிறது என்று நினைக்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் குழந்தையைப் பார்த்தால் அது வேலைதான். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசா) இருப்பவருக்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கையில் வந்த பிறகுதான் அந்த உரிமை உண்டு. 2015 மே 26 முதல் நடப்பில் இருக்கும் விதி இது: கணவன் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதல் ஆகியிருந்தாலோ, அவருடைய எச்-1பி ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருந்தாலோ விண்ணப்பிக்கலாம். அட்டை வந்துவிட்டால் சொந்தத் தொழிலும் செய்யலாம். எல்-1 ஊழியரின் எல்-2 துணைவருக்கு ஐ-94 என்ற நுழைவுப் பதிவுப் படிவத்தில் எல்-2எஸ் என்று இருந்தால் தனி அட்டை தேவையில்லை. எஃப்-2வில் (மாணவரின் துணைவர் விசா) இருப்பவர் வேலை செய்யவே முடியாது.

இஏடி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. எச்-4 விசாவில் படிக்கத் தடை இல்லை. அதனால் காத்திருக்கும் காலத்தில் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரி) பாடங்களை எடுத்துவிடுங்கள். அவை எதற்கெல்லாம் உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

லைசென்ஸ் எப்போது வேண்டும்

சொந்தக் குழந்தைகள், உறவினர் குழந்தைகள், இவர்களோடு வேறு ஒரே ஒரு குடும்பத்துக் குழந்தைகள்: இதுவரை லைசென்ஸ் வேண்டாம். எண்ணப்படுவது குடும்பம், குழந்தை அல்ல. ஒரே வீட்டு இரட்டைக் குழந்தைகளையும் அவர்கள் அக்காவையும் பார்த்துக்கொள்ளலாம். அதோடு எதிர் வீட்டுக் குழந்தையையும் மத்தியானம் மட்டும் பார்க்கிறேன் என்று சேர்த்துக்கொண்டால், அன்றிலிருந்து லைசென்ஸ் வேண்டும்.

இதைக் கொடுப்பது மாநில சமூக சேவைத் துறையின் கம்யூனிட்டி கேர் லைசென்சிங் பிரிவு. சின்ன வீடு, பெரிய வீடு என்று இரண்டு வகை உண்டு. சின்னதில் அதிகபட்சம் 8 குழந்தைகள், பெரியதில் 14. விண்ணப்பக் கட்டணம் முறையே 73 டாலர், 140 டாலர். வருடா வருடமும் அதே தொகை. பெரியதற்கு அனுபவமும், கூட ஒரு உதவியாளரும், தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். எனவே பெரும்பாலோர் சின்னதில்தான் தொடங்குகிறார்கள்.

எட்டு என்று சொன்னதும் எட்டுக் கைக்குழந்தைகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே இரண்டு வயது நிரம்பாதவர்கள் எல்லோரும் கைக்குழந்தைக் கணக்கு. கைக்குழந்தைகள் மட்டும் என்றால் நாலு பேர். ஆறு பேர் வைத்துக்கொண்டால் அதில் மூன்று பேருக்கு மேல் கைக்குழந்தைகள் கூடாது. எட்டுப் பேர் என்றால் இரண்டே கைக்குழந்தைகள்தான், மேலும் ஒருவராவது பள்ளிக்குப் போகிறவராகவும் இன்னொருவர் ஆறு வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் உங்கள் சொந்தக் குழந்தைகள் பத்து வயதுக்குக் குறைவானவர்கள் என்றால் அவர்களும் இந்த எண்ணிக்கையில் சேருவார்கள். வருமானக் கணக்குப் போடும்போது பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

முதல் வேலை, லைசென்சிங் பிரிவு நடத்தும் ஓரியன்டேஷன், அதாவது அறிமுக வகுப்பு. அதை முடித்த பிறகு எல்ஐசி 279 என்ற விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். இதில் தடுமாறினால் உங்கள் கவுன்டியில் (மாவட்டம்) இருக்கும் ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல் அமைப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு கவுன்டியிலும் ஒன்றாவது இருக்கும். ஓக்லண்டில் இருப்பதன் பெயர் பனானாஸ். பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள், 1970களிலிருந்து இந்த வேலையைச் செய்துவருபவர்கள் அவர்கள். விண்ணப்பத்துக்கு உதவுவது, இலவசப் பயிற்சிகள், பெற்றோரை உங்களிடம் அனுப்பிவைப்பது எல்லாம் இப்படிப்பட்ட அமைப்புகளின் வேலை.

கட்டாயப் பயிற்சி: 16 மணி நேரம்

லைசென்ஸுக்குப் படிப்பு என்று சட்டம் முக்கியமாகக் கேட்பது இதைத்தான், தட்டிக்கழிக்க முடியாதது. குழந்தைகளுக்கான முதலுதவியும் சிபிஆரும் (மூச்சோ இதயத் துடிப்போ நின்றால் செய்யும் உயிர்காப்பு முறை) 8 மணி நேரம். நோய்த்தடுப்பு, சத்துணவு, ஈய நச்சு பற்றிய பாடங்கள் இன்னொரு 8 மணி நேரம். இரண்டும் மாநில அவசர மருத்துவச் சேவை ஆணையமான எம்சா ஒப்புதல் பெற்ற பயிற்சியாக இருக்க வேண்டும். சான்றிதழில் அதற்கான ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று வகுப்பில் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். பொம்மையை வைத்து நெஞ்சை அழுத்திப் பழகாமல் முழுக்க ஆன்லைனில் முடிக்கும் சிபிஆர் இங்கே செல்லாது. அலுவலக ஊழியர்களுக்கு நடத்தும் பெரியவர்கள் சிபிஆரும் போதாது.

இந்தப் பயிற்சியில் நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றோடு நேராக முட்டும் இடங்கள் உண்டு. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தூளி. நம்மில் பாதிப் பேர் அதில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். ஆனால் லைசென்ஸ் பெற்ற வீட்டில் கைக்குழந்தை தூங்க வேண்டியது கெட்டியான மெத்தை போட்ட கிரிப்பில் (குழந்தைக் கட்டில்), மல்லாந்து, இறுக்கமான ஒரே ஒரு விரிப்பின் மேல். தலையணை, போர்வை, பொம்மை, கட்டிலின் ஓரத்தில் கட்டும் பம்பர் மெத்தை எதுவும் கூடாது. துணியால் இறுக்கிச் சுற்றக் கூடாது. கார் சீட்டிலோ ஊஞ்சலிலோ தூங்கிப்போனால் எடுத்துக் கிரிப்பில் கிடத்த வேண்டும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து, மூச்சும் நிறமும் உடம்புச் சூடும் சரியாக இருக்கிறதா என்று எழுதி வைக்க வேண்டும். இந்தக் கண்காணிப்பு இரண்டு வயது வரை. "எங்க பாப்பா தூளியில்தான் தூங்கும், நாங்களே கேட்டு எழுதித் தருகிறோம்" என்று பெற்றோர் கடிதம் கொடுத்தாலும் விதி மாறாது. இதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூட வேண்டாம், பாட்யூலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. முழு திராட்சை, வேர்க்கடலை, முறுக்கு மாதிரி கெட்டியானவை சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். அரைஞாண் கயிறு, கழுத்துச் சங்கிலி, கொலுசில் கழன்று விழும் மணி இவற்றையெல்லாம் வீட்டுக்குப் போகும்வரை கழற்றி வைக்கச் சொல்லிப் பெற்றோரிடம் கேட்பது தர்மசங்கடம்தான். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

ஈய நச்சுப் பாடத்தைத் தமிழ் வீடுகள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கண் மை, சுர்மா, சில மஞ்சள் தூள், பளபளப்புப் பூச்சுப் போட்ட மண்பாத்திரம் இவை மூலம் குழந்தை உடம்பில் ஈயம் ஏறுவது இங்கே சுகாதாரத் துறையினருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ரசம் வைக்கும் ஈயச் செம்பு உண்மையில் வெள்ளீயம், அதாவது டின். அது வேறு உலோகம். ஆனால் கலப்படம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த ரசத்தை ராத்திரி உங்கள் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், டேகேர் சமையலுக்கு வேண்டாம்.

இந்த 16 மணி நேரத்தில் சேராத இன்னொரு கட்டாயப் பயிற்சியும் உண்டு. குழந்தை வன்கொடுமை குறித்த சந்தேகத்தைப் புகார் செய்யும் கடமை பற்றியது. ஆன்லைனில், இலவசம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. படிப்பது சுலபம், செய்வதுதான் கஷ்டம். "அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு" என்று ஒதுங்க இங்கே இடமில்லை. நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பில்லை. நியாயமான சந்தேகம் வந்தாலே உடனே போன் செய்ய வேண்டும், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று விட முடியாது. நல்லெண்ணத்தோடு செய்த புகார் தவறென்று பின்னால் தெரிந்தாலும் சட்டம் உங்களைப் பாதுகாக்கும்.

வீடும் வீட்டு மனிதர்களும்

வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் லைவ் ஸ்கேன் என்ற கைரேகைச் சோதனை உண்டு. கணவர், காலேஜ் போகும் பையன், மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர் உட்பட. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள் என்றால், டிக்கெட் போடும்போதே உங்கள் லைசென்சிங் அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் வந்து இறங்கிய பிறகு ஓடுவது வீண் பதற்றம். காசநோய்ப் பரிசோதனையும், தட்டம்மை, கக்குவான் இருமல் தடுப்பூசிப் பதிவும் வேண்டும். சின்ன வயதில் ஊரில் போட்ட ஊசிக்குச் சீட்டு இல்லாவிட்டால் கவலை வேண்டாம், தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வாடகை வீடு என்று தயங்குபவர்களுக்கு: 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் எஸ்பி 234 சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற வீட்டு டேகேரை வீட்டுக்காரர் தடுக்க முடியாது, நகராட்சியும் தனி உரிமம் கேட்க முடியாது. 30 நாள் முன்னதாக வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். ஆறிலிருந்து எட்டுக் குழந்தைகளுக்குப் போகத்தான் அவருடைய சம்மதம் வேண்டும். காப்பீடு இல்லாவிட்டால் அதைத் தெரிந்துகொண்டோம் என்று ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்திட்ட படிவம் இருக்க வேண்டும். என் கருத்தில், காப்பீடு எடுத்துவிடுங்கள்.

சிடிஏ: உண்மையான படிப்பு இங்கேதான்

லைசென்ஸ் வந்து, குழந்தைகள் வரத் தொடங்கி, நாள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. சரி, இப்போது சிடிஏ. முழுப் பெயர் சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட். 1970களில் தொடங்கிய இந்தத் தகுதிச் சான்றை இப்போது தருவது வாஷிங்டனில் இருக்கும் கவுன்சில் ஃபார் ப்ரொஃபஷனல் ரெகக்னிஷன். அமெரிக்கா முழுக்கச் செல்லும். நாளைக்கே கணவருக்கு டெக்சஸில் வேலை கிடைத்து வீடு மாறினால் கலிபோர்னியா லைசென்ஸ் கூட வராது, சிடிஏ வரும்.

ஒரு எச்சரிக்கை. "120 மணி நேர சிடிஏ சர்டிபிகேட்" என்று விளம்பரம் செய்யும் ஆன்லைன் நிறுவனங்கள் தருவது பயிற்சி முடித்ததற்கான சான்று மட்டுமே. அது சிடிஏவுக்கு வேண்டிய பல விஷயங்களில் ஒன்று. சிடிஏவைக் கொடுப்பது கவுன்சில் மட்டும்தான்.

நாலு வகை உண்டு: மையங்களில் கைக்குழந்தைகள், மையங்களில் முன்பள்ளி வயது, வீட்டு டேகேர், வீடு வீடாகப் போய்க் குடும்பங்களுக்கு உதவுபவர். நீங்கள் எடுக்க வேண்டியது மூன்றாவது, ஃபேமிலி சைல்ட் கேர். பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரை இதில் அடக்கம். தமிழும் ஆங்கிலமும் கலந்து நடத்தும் வீடு என்றால், இருமொழிச் சிறப்புச் சான்று ஒன்றும் இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தேவைகள் இவை: பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், 120 மணி நேர முறையான பயிற்சி, கடைசி மூன்று வருடத்துக்குள் அந்த வயதுக் குழந்தைகளோடு 480 மணி நேர வேலை, ஒரு போர்ட்ஃபோலியோ (உங்கள் வேலையைக் காட்டும் தொகுப்புக் கோப்பு), பெற்றோர் நிரப்பிய கேள்வித்தாள்கள், நேரில் வந்து பார்ப்பவரின் மதிப்பீடு, ஒரு தேர்வு. 480 மணி நேரம் என்பது வாரம் 40 மணி நேரம் பார்த்தால் 12 வாரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

120 மணி நேரத்தில் எட்டுத் தலைப்புகள் வர வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 10 மணி நேரம். பாதுகாப்பும் ஆரோக்கியமும் உள்ள சூழல், உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும், பழகும் விதமும் உணர்ச்சிகளும், குடும்பங்களோடு உறவு, டேகேர் நிர்வாகம், தொழில் பொறுப்பு, குழந்தையைக் கவனித்து எழுதுவது, வளர்ச்சிக் கோட்பாடுகள். நம்மவர்கள் முதல் தலைப்பிலேயே 40 மணி நேரம் படித்துவிட்டு, நிர்வாகத்திலும் கவனித்து எழுதுவதிலும் பத்து மணி நேரம் தேறாமல் நிற்பதுண்டு.

இதை எங்கே படிப்பது? ஆன்லைன் நிறுவனத்தில் சீக்கிரம் முடியும். என்னைக் கேட்டால் கம்யூனிட்டி காலேஜ்தான். யூனிட் என்பது பாடத்தின் அளவு; மூன்று செமஸ்டர் யூனிட் பாடம் ஒன்று சுமார் 45 மணி நேர வகுப்பு. மூன்று பாடம் எடுத்தால் 120ஐத் தாண்டிவிடும். கலிபோர்னியாவாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர், ஒன்பது யூனிட்டுக்கு 414 டாலர். குப்பர்ட்டினோவில் டி ஆன்சா, ஃப்ரீமான்டில் ஓலோனி, லிவர்மோரில் லாஸ் பொசிடாஸ் போன்ற காலேஜ்களில் இந்தத் துறை இருக்கிறது. எட்டுத் தலைப்புகளும் அடங்குகிறதா என்று பாடத்திட்டத்தை வைத்துச் சரிபார்த்துச் சேருங்கள். இதே யூனிட்டுகள் பின்னால், கீழே சொல்லும் மாநில ஆசிரியர் பெர்மிட்டுக்கும் கணக்காகும் என்பதுதான் பெரிய லாபம். ஆன்லைன் நிறுவனத்தில் செலவழித்த மணி நேரம் அங்கே யூனிட்டாக மாறாது.

போர்ட்ஃபோலியோ

எல்லோரும் தேர்வுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது, இல்லை, நேரம் ஒதுக்க வேண்டியது போர்ட்ஃபோலியோவுக்குத்தான். விண்ணப்பிக்கும் முன்பே இது தயாராக இருக்க வேண்டும். முதலுதவிச் சான்று, ஒரு வார உணவுப் பட்டியல், ஒரு வாரத் திட்டம், 9 கற்றல் செயல்பாடுகள், 10 குழந்தைப் புத்தகங்களின் பட்டியல், குடும்பங்களுக்கான உதவி விவரங்கள், விபத்து அறிக்கை போன்ற படிவங்களின் மாதிரி, 6 சுயமதிப்பீட்டுக் கட்டுரைகள், கடைசியாக உங்கள் கொள்கை என்ன என்று இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் ஒரு குறிப்பு.

ஒன்பது செயல்பாடுகளில் அறிவியல், மொழி, கலை, கணக்கு, சிறு தசை, பெரு தசை, தன்னைப் பற்றிய எண்ணம், உணர்ச்சி, பிறரோடு பழகுவது எல்லாம் வரும். கடையில் வாங்கிய சாமான் தேவையே இல்லை. கோலப் புள்ளிகளை எண்ணி வைப்பது கணக்கு. உள்ளங்கையில் பருப்பு கடைந்து விரல் விரலாக மடக்கிச் சோறு பங்கு வைக்கும் நம் விளையாட்டு, கைக்குழந்தையின் மொழிக்கும் பழக்கத்துக்கும் அருமையான செயல்பாடு. ஆனால் விளையாட்டை மட்டும் எழுதினால் போதாது. எந்த வயதுக்கு, என்ன நோக்கம், என்ன சாமான், நீங்கள் என்ன செய்வீர்கள், இந்த வயதுக்கு இது ஏன் பொருந்தும் என்று எழுத வேண்டும்.

கவனித்து எழுதுவது இன்னும் கஷ்டம். "இன்று குட்டி ரொம்பச் சமத்து, நன்றாக விளையாடினாள்" என்பது பாட்டியிடம் போனில் சொல்லலாம், பதிவாகாது. இப்படி எழுதுங்கள்:

"காலை 10.15. ந., 2 வயது 4 மாதம். வலது கையால் கரண்டியைப் பிடித்து சிவப்புக் கிண்ணத்திலிருந்து தண்ணீரை நீலக் கிண்ணத்துக்கு ஊற்றினாள். மூன்றாவது தடவை சிந்தியது. என்னைப் பார்த்து 'போச்சு' என்றாள். பக்கத்தில் இருந்த துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள், இந்தத் தடவை கிண்ணத்தை இடது கையால் பிடித்துக்கொண்டாள்."

சமத்து, அடம், சோம்பல் மாதிரி தீர்ப்புச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை ஒரு கையால் முடியாததை இரண்டு கையால் செய்யக் கண்டுபிடித்தது தெரிகிறது. அடுத்த வாரம் மூடி திருகும் டப்பா கொடுக்கலாம் என்று உங்களுக்கே தோன்றும். கவனிப்பிலிருந்து திட்டம் வருகிறது என்று கவுன்சில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஆறு கட்டுரைகளும் ஒவ்வொன்றும் 500 வார்த்தைக்குள். புத்தக வாசகங்களை அடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் நடப்பதை எழுதி, ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உதாரணமாக, ஊட்டுவது. நம் வீட்டில் மூன்று வயதிலும் ஊட்டிவிடுவோம், அது அன்பு. இங்கே பயிற்சியில் குழந்தை தானே எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பார்கள். இரண்டில் ஒன்றைப் பழித்து எழுதத் தேவையில்லை. தட்டில் தயிர்சாதத்தை உருண்டை பிடித்து வைக்கிறேன், குழந்தையே எடுத்துச் சாப்பிடுகிறது, கடைசியில் கேட்டால் இரண்டு வாய் ஊட்டுகிறேன், விரல் தசைக்கும் வீட்டுப் பழக்கத்துக்கும் இதில் இடம் இருக்கிறது என்று எழுதினால் அது நேர்மையான பதில்.

பெற்றோர் கேள்வித்தாளில் இன்னொரு சிக்கல் உண்டு. நமக்குத் தெரிந்தவர்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் உச்ச மதிப்பெண் போட்டுக் கொடுப்பார்கள். மதிப்பீட்டாளரோடு உட்கார்ந்து உங்கள் பலம் என்ன, எதில் வளர வேண்டும் என்று பேசும்போது அது உதவாது. "குறையும் எழுதுங்கக்கா, எனக்கு அதுதான் வேணும்" என்று கேட்டு வாங்குங்கள்.

வந்து பார்ப்பவரும் தேர்வும்

விண்ணப்பமும் கட்டணமும் ஏற்கப்பட்ட பிறகு, ஆறு மாதத்துக்குள் நேரடி மதிப்பீடும் தேர்வும் முடிய வேண்டும். மதிப்பீட்டாளரை நீங்களே கவுன்சிலின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும். உறவினரோ, உங்களுக்கு மேலதிகாரியாக இருப்பவரோ கூடாது. நாலு மணி நேரம்: சுமார் ஒரு மணி நேரம் போர்ட்ஃபோலியோ, இரண்டு மணி நேரம் நீங்கள் குழந்தைகளோடு இருப்பதைப் பார்ப்பது, ஒரு மணி நேரம் உங்களோடு பேச்சு. அன்றைக்கென்று புதுப் பொம்மை, புது விளையாட்டு எதுவும் வேண்டாம். குழந்தைகள் புதுசைப் பார்த்தால் குதியாட்டம் போடும். வழக்கமான நாளே போதும். கை கழுவும் ஒழுங்கும், குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுவதும் பழக்கத்தில் இருந்தால் தானாகத் தெரியும்.

தேர்வு பியர்சன் வியூ என்ற தேர்வு நிறுவனத்தின் மையத்தில், கணினியில். 65 கேள்விகள், 1 மணி 45 நிமிஷம். ஐந்து கேள்விகள் படத்தோடு வரும். மனப்பாடம் குறைவு, "ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்கிற மாதிரிதான் அதிகம். இரண்டு வயதுக் குழந்தை இன்னொருவனைக் கடித்துவிட்டது என்றால், நம் கை 'கடித்தவனைக் கண்டிப்பது' என்ற விடைக்குப் போகும். எதிர்பார்ப்பது: முதலில் பாதுகாப்பு, கடிபட்ட குழந்தைக்கு ஆறுதல், பிறகு கடித்த குழந்தையின் உணர்ச்சிக்கு வார்த்தை கொடுத்து வழிகாட்டுவது. இந்த வரிசை மனதில் பதிந்தால் பாதித் தேர்வு தாண்டியது.

அதற்கு மேலே

மாநிலத்தின் ஆசிரியர் தகுதி ஆணையம் சைல்ட் டெவலப்மென்ட் பெர்மிட் தருகிறது. அசிஸ்டன்ட் நிலைக்கு 6 யூனிட், அசோசியேட் டீச்சருக்கு 12 யூனிட்டும் அனுபவமும், டீச்சருக்கு 24 யூனிட்டோடு பொதுப்பாடங்கள் 16 யூனிட்டும் என்று படிப்படியாகப் போகும். வீட்டு டேகேருக்கு இது கட்டாயமில்லை. நாளைக்கு அரசு நிதி பெறும் முன்பள்ளியில் வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் எடுங்கள். சென்னையில் வாங்கிய பட்டத்தைக் காட்ட வேண்டுமானால், ஆணையம் ஏற்கும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து இந்த ஊர் யூனிட் கணக்குக்கு மதிப்பிட்டு வாங்க வேண்டும்.

தேசிய வீட்டு டேகேர் சங்கமான என்ஏஎஃப்சிசி தரும் அங்கீகாரம் இதைவிடக் கனமானது. உறவு, சூழல், கற்றல், பாதுகாப்பு, தொழில் நடைமுறை என்று ஐந்து பகுதிகளில் உங்கள் டேகேரையே சோதிப்பார்கள். மூன்று வருடம் செல்லும். சிடிஏ முடித்து, நிலையாகச் சில வருடம் நடத்திய பிறகு யோசிக்க வேண்டியது இது. முதல் வருடத்திலேயே இதில் இறங்கினால் குழந்தைகளைவிடக் காகிதத்தைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

காலாவதித் தேதிகள்

முதலுதவி, சிபிஆர் இரண்டு வருடம். புகார் கடமைப் பயிற்சி இரண்டு வருடம். 8 மணி நேர நோய்த்தடுப்புப் பயிற்சி ஒரே தடவைதான், ஆனால் அந்தச் சான்றிதழைத் தொலைத்தால் பாடு. சிடிஏ மூன்று வருடம். புதுப்பிக்க 45 மணி நேரத் தொடர் பயிற்சியோ மூன்று கிரெடிட் பாடமோ வேண்டும், 80 மணி நேர வேலையும், செல்லுபடியாகும் முதலுதவிச் சான்றும், ஒரு தொழில் அமைப்பில் உறுப்பினர் அட்டையும் கேட்பார்கள். இலவச ரிசோர்ஸ் அண்ட் ரெஃபரல் பயிற்சிகளை அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருந்தால் 45 தானாகச் சேரும், கடைசி மாதத்தில் விழுந்தடித்து ஓட வேண்டாம். குழந்தைக் கல்விப் பணியாளர்களுக்கான மாநிலப் பதிவேடான ஈசிஈ வொர்க்ஃபோர்ஸ் ரெஜிஸ்ட்ரியில் இலவசக் கணக்குத் தொடங்கி எல்லாச் சான்றிதழையும் அங்கே ஏற்றிவிடுங்கள்.

அதோடு எல்லாவற்றின் காகித நகலும் ஒரு கோப்பில் வாசல் பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். லைசென்சிங் அதிகாரி சொல்லாமல்தான் வருவார், அநேகமாகக் குழந்தைகள் சாப்பிடும் நேரத்தில். கையில் தயிர்சாதத்தோடு லேப்டாப் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. குழந்தைகளுக்கான முதலுதவிக்குச் சனிக்கிழமை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும், காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.